சர்க்கரை இல்லை

ரோலாவில் மொபைல் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் கிளினிக்.
ஐம்பது திர்ஹம் தாளை மடித்து வைத்துக்கொண்டு
மூன்று வெள்ளிக்கிழமை படி ஏறி
மூன்று வெள்ளிக்கிழமை படி இறங்கினேன்.
நான்காவது வெள்ளி மழை.
ஷார்ஜாவில் மழை என்றால் சாலையே குளம்.
ஒதுங்குகிறவன் போல உள்ளே போய்விட்டேன்.

கவுண்டரில் இருந்தவள் அட்டையைக் கேட்டாள்.
அட்டையில் என் முகம், என் எண்,
எண்ணுக்குப் பின்னால் கம்பெனி,
கம்பெனிக்குப் பின்னால் பி.ஆர்.ஓ. ஹனீபா,
ஹனீபாவின் இரும்பு அலமாரியில் என் பாஸ்போர்ட்.
எல்லாம் அந்த மேசையில் வந்து நின்றன.
"என்ன டெஸ்ட்?"

மூன்றே எழுத்து.
நாக்கின் நுனியில்தான் வைத்திருந்தேன்.
அதற்குள் ஊசித் தட்டோடு வந்த நர்ஸ்
என் பேரைப் படித்துவிட்டுச் சிரித்தாள்:
"ஜெபசிங்கா? நம்ம பக்கம்லா! எந்த ஊரு?"

இந்தக் கேள்வி இங்கே பாதி வயிறு நிறைக்கும்.
இதைக் கேட்டவர்கள் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்,
கடன் கொடுத்திருக்கிறார்கள்,
முகம் தெரியாத ஒருவனின் பெட்டியை
ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டியிருக்கிறார்கள்.
அன்றைக்கு மட்டும் வியர்த்தது.
அவளுக்கு ஓர் அத்தை இருப்பாள்,
அத்தைக்கு ஒரு போன் இருக்கும்,
போன் போய் முடியும் வீட்டில்
மே மாசம் என் தங்கைக்குக் கல்யாணம்.

"சுகர்" என்றேன்.

ரோமெல் பிலிப்பைன்ஸ்காரன்.
அல் நாதாவில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டான்.
எங்களுக்குள் மொத்தம் எழுபது சொல் இருந்திருக்கும்:
கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி,
மிச்சம் உடைந்த ஆங்கிலம்.
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு,
சூடான துணி வாசத்தில்,
அதை வைத்தே ஒன்றரை வருஷம் பேசினோம்.
காதல் அந்த எழுபதில் இல்லை.
"சாப்டியா" இருந்தது. நான் கொடுத்தது.

விசா புதுப்பிக்க ரத்தம் கொடுக்கப் போனவன்
கடைக்குத் திரும்பவில்லை.
பூட்டிய அறை, பிறகு விமானம் என்று கேள்வி.
அவன் மெத்தையைக் குப்பைத்தொட்டி ஓரம் சாய்த்திருந்தார்கள்.
எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கும் அன்றைக்கு அதே பேச்சு.
"அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தாண்டா வரும்"
என்றான் சிங்கராயன், மீன் பொரித்துக்கொண்டே,
பெரிய துண்டாகப் பார்த்து
என் தட்டில் வைத்துக்கொண்டே.
நல்லவன்.
அதுதான் கஷ்டம்.

மறுநாள் தாள் வந்தது. சர்க்கரை இல்லை.
ரூமில் ஜிலேபி வாங்கி வந்தார்கள்.
நானும் தின்றேன், விரலெல்லாம் பாகு.

விசாவுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.
லீவு போட்டு ஊரில் பார்க்கலாம் என்றால்
தாலுகா ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஓர் அறை,
அறைக்கு எதிரே டீக்கடை,
டீக்கடை பெஞ்சில் என் மாமா.

மாலை ஐந்து மணிக்கு ஏணிமேல் நிற்கிறேன்,
யார் வீட்டு ஏ.சி.யின் வயிற்றையோ திறந்து போட்டு.
சட்டைப்பையில் போன் துடிக்கிறது.
அங்கே ஒன்பது. அவன் மாத்திரை நேரம்.
தினம் ஒன்று, தண்ணீரோடு. அவ்வளவுதானாம்.
படம் அனுப்பியிருக்கிறான்:
கன்னம் உப்பி, தொப்பை வைத்து,
அக்கா மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு,
சாகாதவன்.
கீழே ஒரு வரி: நீ பார்த்தாயா?

சுகர் தாளைப் படமெடுத்து அனுப்பினேன்.
சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று வந்தது.
பிறகு மூன்று புள்ளிகள்
தோன்றுவதும் மறைவதுமாக நெடுநேரம்.
ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டி
முழங்கை மடிப்பில் விழுந்தது,
பஞ்சு ஒட்டியிருந்த இடத்தில்.

ஆங்கில எழுத்தில், பிழையோடு,
"சாப்டியா" என்று வந்தது.
இறங்கலாம் என்று ஒரு படி கால் வைத்தேன்.
மறுபடி துடித்தது.

"அந்த டெஸ்ட்?"